பழைய பூட்டுக்குப் புதுச் சாவி

"பூட்டை மட்டும் மாத்தச் சொல்லாத தம்பி."

அறுபதுகளில் ஒரு நாள், மலைக்கிராமமான வில்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்து கேட்டது இது. சொன்னவர் கம்பளிக் கோட்டுப் பெரியவர். பக்கத்தில் சாவி செய்கிறவர். அவர் மடியில் ஒரு அரமும், பல் வெட்டாத சாவிகள் கோத்த வளையமும்.

"புதுப்பூட்டுன்னா சோலி வெரசா முடியுமேண்ணே."

"என் சாவிதான் கெழங்குக் காட்டுல விழுந்துருச்சு. பூட்டு நல்லாத்தான் கெடக்கு."

"சரிங்க. வெட்டாத சாவியக் கரிப்புகையில காட்டி உள்ள விட்டுத் திருகுனா, எங்க அரத்தால ராவணும்னு பூட்டே தடம் காட்டிரும். ரொம்பத் தேஞ்சிருந்தா பூட்டக் கழட்டி உள்பக்கமும் கொஞ்சம் ராவிக்கிறேன்."

"உள்ள ராவுனா பழைய சாவி சேருமா?"

"சேராது. அதான் தொலைஞ்சு போச்சுல்ல."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு சாவி மககிட்ட இருக்கு. மூணு வருசமாச்சு. நான்தான் இனி வாசப்படி ஏறாதன்னு சொன்னேன். இடுப்புல சொருகுன சாவியோட போயிட்டா. நானும் திருப்பிக் கேக்கல."

சாவிக்காரர் வளையத்தில் இருந்த சாவிகளை எண்ணிப் பார்த்தார்.

"அப்பப் பூட்டுக்குள்ள கை வைக்கலண்ணே. எத்தனை சாவி வீணாப் போனாலும் சாவியத்தான் ராவுவேன். பூட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் மட்டும் விடுறேன்."

"எண்ணெய் எதுக்கு?"

"மூணு வருசமாப் போடாத சாவில்ல. அவங்க வந்து தொறக்கையில சிக்கக் கூடாது."