நாலாவது கேஸ்கெட்

— விடுங்க மாமா, அந்த போல்ட் இன்னைக்கு அசையாது.

— அசையும். நீ டார்ச்ச ஆட்டாம புடி, அது போதும்.

— நான் எங்க ஆட்டுறேன்? படகு ஆடுது.

— படகு கட்டிக் கெடக்குதும்மா. உன் கைதான் ஆடுது... ஏன், பசிக்குதா?

— பசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வானம் வேற கறுத்துக்கிட்டு வருது. நாளைக்குப் பாத்துக்கலாமேன்னுதான்...

— கறுத்துக்கிட்டு வருதா? என் முதுகுல வெயில் பொசுக்குதேம்மா!

— அந்தப் பக்கம்... தூரத்துல கறுத்திருக்கு.

— தூரத்துல இருக்கிற மழை தூரத்துலயே பெய்யட்டும். காலைல பாப்பாவ ஸ்கூலுக்கு இந்தப் படகுலதான் கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட சொல்லியாச்சு.

— சின்னப் புள்ள, மறந்துடுவா.

— யாரு, என் பேத்தியா? மணிக்கொரு தடவ வந்து, "தாத்தா, இன்ஜின் ரெடியா, இன்ஜின் ரெடியா"ன்னு உசுர வாங்குறா... ம்ம்... இந்தா... வந்துடுச்சு! கடைசி போல்ட்.

— உடைஞ்சுடுச்சா?

— என்னம்மா, இவ்ளோ ஆசையா கேக்குற? உடையல. முழுசா வந்திருக்கு.

— ஆசையாவா! நல்லா இருக்கே கதை. பயந்துபோய்க் கேட்டேன்.

— சரி சரி, பயந்துதான் கேட்ட. வா, அந்த முனையப் புடி. புகை வெளிய போற இந்த மேனிஃபோல்டு முழுக்க வார்ப்பு இரும்பு, இடுப்ப ஒடிச்சுடும். முட்டிய மடக்கித் தூக்கு.

— ஐயோ அம்மா... என்ன கனம் மாமா! உங்க பிள்ளைய விடியக்காலைல எழுப்புற மாதிரி இருக்கு.

— இதாவது தூக்கினா நகருது. அவன்... மெதுவா... மெதுவா... அப்படியே எறக்கு.

— மாமா, விரல்!

— தெரியும், தெரியும்... எடுத்துட்டேன்.

— எங்க எடுத்தீங்க? நான் கத்தலன்னா விரல் கூழாயிருக்கும்.

— அதான் கத்திட்டியே. கத்துறதுக்குத்தானே மருமக.

— சிரிக்காதீங்க. சரி, அந்தப் பழச எதுக்கு இப்படித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அதுலேந்துதானே புகை கசியுது. தூக்கிக் கரையில வீசுங்க.

— வீசலாம், என்ன அவசரம்... பாப்பாவுக்கு இப்ப இருமல் எப்படி இருக்கு?

— இருமிக்கிட்டுதான் இருக்கா. அன்னிக்குப் பாலத்துப் பக்கம் உங்களோட போயிட்டு வந்தாளே, அதுலேந்து விட்டு விட்டு இருமல். எல்லாம் இந்தப் புகையாலதான்.

— ம்... நீ சொன்னா சரி. அதுக்குத்தானே ரெண்டு பக்க மேனிஃபோல்டு, அதுக்கு மேல உக்கார்ற ரைசர் குழாய், எல்லாத்தையும் புதுசாப் போடுறோம். இனிமே ஒரு பொட்டுப் புகை படகுக்குள்ள வராது. பாப்பாவ அனுப்ப உனக்கும் தடை ஒண்ணும் இருக்காது. என்ன?

— இல்ல மாமா... இருக்காது.

— அப்ப அந்தச் சுரண்டிய எடு. இன்ஜின் ஓட்டைக்குள்ள துணி அடைச்சுட்டியா? தூசி உள்ள விழுந்தா அதோகதிதான்.

— அடைச்சுட்டேன்... மாமா, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, மூட்டுல ஒழுகாம அடைச்சிருந்த பழைய கேஸ்கெட்.

— எங்க?

— இதோ, உங்க மூக்குக்கு நேரா!

— இங்கயா?

— இல்ல... வெளிச்சம் பத்தல. நான் தள்ளிப் புடிச்சுட்டேன்.

— ஆமா, வெளிச்சம்தான் பத்தல. என் விரல அங்க கொண்டு போய் வை... ம்ம், தட்டுப்படுது. இப்பப் போச்சா?

— போச்சு.

— புது கேஸ்கெட்டக் குடு.

— ஒண்ணுதான் இருக்கு மாமா.

— ரெண்டு இருக்கணுமே. வாங்கினது நாலு. நேத்து அந்தப் பக்கத்துக்கு ரெண்டு போட்டோம். மிச்சம் ரெண்டு.

— கடைக்காரன் மூணுதான் வெச்சிருப்பான். ஆளப் பாத்தாலே தெரியல? இன்னைக்கு ஞாயித்துக்கிழம, இனிமே நாளைக்குத்தான் கடை. என்ன பண்றது, விடுங்க, எழுந்திருங்க, வீட்டுக்குப் போலாம்...

— பாவம், அவன ஏன் திட்டுற? நீ எந்திரி.

— நானா? எதுக்கு?

— எந்திரின்னா எந்திரி. உனக்கு அடியில கவர் சத்தம் கேக்குது. நீ நெளியிறப்பல்லாம் கேக்குது.

— மாமா...

— நசுங்கிடுச்சுன்னா வீணாப் போயிடும்மா. அப்புறம் சூட்டத் தணிக்க ஓடுற தண்ணி ஒழுகி இன்ஜினுக்குள்ள போயிடும்.

— இந்தாங்க! திட்டுறதுன்னா நல்லாத் திட்டிடுங்க. வேணும்னுதான் ஒளிச்சேன்.

— திட்ட என்ன இருக்கு? பாப்பா இருமவே இல்ல. என் பக்கத்துலதானே படுக்குறா, எனக்குத் தெரியாதா? நேத்துக் கழட்டின மேனிஃபோல்டுல தண்ணி ஊத்தி வெச்சிருந்தேன். விடிஞ்சு விரல விட்டுப் பாத்தா, ஊத்தின அளவு அப்படியே நிக்குது. இதையும் இப்பத்தான் தடவிப் பாத்தேன். புகை கசிஞ்சா கரி அப்பியிருக்கணும். கையில ஒட்டவே இல்ல. ஓட்டையும் இல்ல, புகையும் இல்ல.

— தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா ரெண்டு நாளா இந்தப் பாடு படுறீங்க?

— நீ புகைன்னு சொன்னதும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. புகைன்னா மாத்திடலாம் பாரு.

— அன்னிக்கு நான் கரையிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன் மாமா. அவ்ளோ பெரிய பாலத்துத் தூணு... நேரா அதுக்கே போறீங்க. எனக்கு உசுரு உசுரா இல்ல. வீட்டுக்கு வந்து பாப்பாகிட்ட கேட்டா வாயவே தொறக்கல, தாத்தா கட்சி. உங்ககிட்ட நான் எப்படிக் கேப்பேன்? நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடிலேந்து ஓட்டுறவர்கிட்ட, உங்களுக்குக் கண்ணு தெரியுதான்னு வாய் விட்டுக் கேக்க முடியுமா? அதான் புகை, இருமல்னு வாய்க்கு வந்தத உளறினேன்.

— கேட்டிருக்கலாம்.

— சரி, இப்பக் கேக்குறேன். கடைசி நிமிஷத்துல திருப்பிட்டீங்களே... அந்தத் தூண எப்பப் பாத்தீங்க?

— பாக்கவே இல்லம்மா. பாப்பா கத்தினா... எந்தப் பக்கம்னு தெரியாமத்தான் திருப்பினேன்.