மாலை போட்ட மெஷின்

வீட்டு விறகுக்கும் கிளை கழிக்கவும் மரம் அறுக்கிற மெஷின் பெரியதாகத் தேவையில்லை, ஈஸ்வர் தம்பி. கடைக்காரர்கள் பெரியதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முழங்கை நீளத்துக்கு பிளேடு இருந்தால் போதும். முருங்கை, கொய்யா கழிக்க மட்டும் என்றால் பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள். காய்ந்த வேம்பும் வேலானும் அறுக்கிற வீடென்றால் பெட்ரோல் மெஷின். கையில் தூக்கிப் பாருங்கள், தோள் இழுத்தால் வைத்துவிடுங்கள். முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும், அதுதான் பிரேக். அதை முன்னால் தள்ளினால் ஓடுகிற செயின் அப்படியே நிற்க வேண்டும். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்த்து வாங்குங்கள்.

நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இலக்கியாவைக் கட்டப்போகிறவர் நீங்கள். அவள் அப்பா காளியண்ணனால் இனி விறகு அறுக்க முடியாது, நாமாவது ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று நினைத்து என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறீர்கள். நல்ல மனசு. அவர் கை எப்படிப் போனது என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். சொன்னதெல்லாம் நிஜம்தான். அவர்களுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன். உட்காருங்கள்.

காளியண்ணன் என் மனைவி தெய்வநாயகிக்கு உடன்பிறந்த தம்பி. எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர். அவர் கைராசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதை போடுவதென்றாலும், புதுத் தறியில் முதல் இழை பூட்டுவதென்றாலும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். அவரும் சலிக்காமல் போவார். நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி. நான் அடித்த ஆணி ஊரெல்லாம் ஓடுகிறது. ஆனாலும் என் கைக்கு ராசி இல்லை என்று பேராகிவிட்டது.

எல்லாம் எங்கள் காட்டில் போர் போட்ட அன்று ஆரம்பித்தது. நான் தேங்காய் உடைத்துத் தொடங்கிய இடத்தில் வெறும் புழுதி பறந்தது. ரிக் வண்டிக்காரன் கிளம்பத் தயாரானபோது தெய்வநாயகி தம்பியைக் கூப்பிட்டாள். காளியண்ணன் வந்து வேலியோரம் இன்னொரு காய் உடைத்தார். அங்கே தண்ணீர் பொங்கியது. அன்று நானும் கைதட்டினேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் என் கை ஆகவில்லை. புது மாட்டில் முதல் பால் கறந்தது அவர். கிரகப்பிரவேசத்துக்குப் பால் காய்ச்ச அடுப்பு மூட்டியதும் அவர்தான். நான் ஆசையாகத் தீப்பெட்டியை எடுத்தேன். சொந்தபந்தமெல்லாம் நிற்கிற இடத்தில் தெய்வநாயகி, "ஏனுங்க, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தம்பி கையால ஆவட்டும்" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, தம்பி. வீடு நான் கட்டியது.

போன புரட்டாசியில் காற்றடித்து எங்கள் வேப்பமரம் சாய்ந்தது. வெந்நீர் அடுப்புக்கு விறகாகும் என்று மெஷின் வாங்கப் போனேன். கடைக்காரர் கைலாசம் பொறுமையான மனுஷன். மெஷினை ஓட்டியே பிரேக்கைத் தள்ளிக் காட்டினார். "இது புடிக்கலன்னா என்னாகும்?" என்று கேட்டேன். "அப்புறம் மெஷின தொடவே கூடாதுங்க. செயின் நின்னுருச்சுன்னு நெனச்சுக் கைய வெச்சா, அவ்வளவுதான்" என்றார். உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்றும் விசாரித்தேன். "இவ்வளவு கேட்டு வாங்கறவங்களுக்கு அடியே படாதுங்க" என்று பாராட்டி அனுப்பினார். அந்த நிமிஷம் வரை நான் விறகுக்குத்தான் மெஷின் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வரும் வழியில் அப்படி இல்லை.

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். தெய்வநாயகி வாழைநாரில் சாமந்தி மாலை கட்டிப் போட்டாள். நார் சட்டென்று அறுந்துவிடும். அவள் பொரிகடலை எடுக்க உள்ளே போனபோது, அதே பூவை நைலான் நூலில் மாற்றிக் கட்டினேன். பிரேக் பிடிக்காமல் செய்வது பட்டறைக்காரனுக்குப் பெரிய வேலை இல்லை. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

மறுநாள் விஜயதசமி, முதல் வெட்டுக்கு நல்ல நாள். யார் கையால் என்று யாரும் கேட்கவே இல்லை. காளியண்ணன் விடிந்ததும் வந்துவிட்டார். மாலையைக் கழற்றப் போனவரை, "இருக்கட்டுஞ் சாமி, மொத வெட்டு ஆவட்டும்" என்று தெய்வநாயகி தடுத்தாள். அவள் தடுப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் கிட்டே போய் நின்றேன். "தள்ளி நில்லுங்க மாமா, சில்லு தெறிக்கும்" என்றார் காளியண்ணன். என் கண்ணில் படக்கூடாதே என்று சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தள்ளி நின்றேன்.

மரத்தில் கால்வாசி இறங்குவதற்குள் மாலை செயினில் சுற்றி இறுகி, செயின் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "நூல் சிக்கிருச்சுங்க மாமா. ஆப் பண்ணட்டுங்களா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டார், தம்பி. அவர் என்னை ஒரு விஷயம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"மொத வெட்டுல ஆப் பண்ணக் கூடாதுங்க மாப்பள, சகுனத் தடை. பிரேக்கத் தள்ளிட்டு எடுத்து உடுங்க" என்றேன்.

தள்ளினார். வலது கையால் நூலை இழுத்தார். நூல் விடுபட்டது, செயின் ஓடியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிணைக்கிற விரல்கள் அவை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் சொன்னது இது: "நல்லவேளைங்க மாமா, என் கையோட போச்சு. உங்களுக்கு ஆயிருந்தா அக்கா தாங்காது." நான் தலையை ஆட்டினேன். தெய்வநாயகி அன்றிலிருந்து சாமிக்குக்கூடப் பூக் கட்டுவதில்லை. மாலையைக் கழற்ற விடாத பாவி நான்தான் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அதையும் பார்த்துக்கொண்டு, அவள் வைத்த சோற்றைத் தின்றுகொண்டுதான் இருந்தேன். உயிருக்கா உலை வைத்தேன், கைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கக்கேடு.

போன வாரம் காளியண்ணன் வந்தார். துண்டால் கையை மூடியிருந்தார். "இந்தக் கைய வெச்சுட்டு நல்ல காரியத்துக்கு முன்னால நிக்க முடியாதுங்க மாமா. இலக்கியா கல்யாணத்துக்கு நீங்கதான் பாலமரத்துல கிளை வெட்டி, உங்க கையால முகூர்த்தக்கால் நடோணும்" என்றார். சரி என்றேன். உடனே சொன்னேன். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது. வாயெல்லாம் இனித்தது.

அவர் போனதும் பரணிலிருந்து மெஷினை இறக்கினேன். முதல் வேலையாகப் பிரேக்கைச் சரிசெய்தேன். ஓட்டித் தள்ளிப் பார்த்தேன், சட்டென்று நின்றது. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று பார்த்தேன், தம்பி. அந்த மெஷினை நிறுத்திய அமைதியில், நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கே கேட்டது. இனிமேல் அதை விபத்து என்று சொல்ல வாய் வராது.

உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள். போலீசில் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். மாலை ஒரு பாவமும் செய்யவில்லை என்று தெய்வநாயகியிடம் மட்டும் இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன். முகூர்த்தக்காலுக்கு வேறு நல்ல கையாகப் பாருங்கள்.

நான் தள்ளி நிற்கிறேன்.