குளிக்க வந்தவர்

இரவு ஒரு மணி இருக்கும். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங். கடைசிப் பேருந்தும் போய்விட்டது... மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை.

தனியாக நடந்து வந்தது என் நண்பன் ரமீஸின் அக்கா, ருக்ஸானா. ரமீஸ் பொய் சொல்கிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். அக்காவுக்குச் சாங்கியில் சரக்குக் கிடங்கில் வேலை. அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கிக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவர் ஜாஃபருக்கு அன்று இரவு வேலை. வீட்டில் யாரும் இல்லை.

மின்தூக்கிக் கதவு மூடப்போன நேரம்... ட்ரக்... ட்ரக்... சக்கரம் வைத்த மார்க்கெட் பையை இழுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா உள்ளே வந்தார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பொத்தான் எதையும் அமுக்கவில்லை. ருக்ஸானா இறங்கிய மாடியிலேயே இறங்கினார். வீட்டு வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. ஒரே ஒரு தடவை குளிச்சிட்டுப் போயிடுறேன். உடம்பு நாறுது... எனக்கே வெக்கமா இருக்கு."

ருக்ஸானாவுக்குப் பயம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபிறகு கதவைச் சாத்த மனம் வரவில்லை.

"உள்ள வாங்க ஆன்ட்டி."

அந்த அம்மா வழி கேட்கவில்லை. இருட்டிலேயே, குளியலறையை ஒட்டிய சமையலறைக்குப் போனார். ஹீட்டர் சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால், புதியவர் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. அவர் கை நேராக அங்கே போனது. குளியலறைக் கதவு மூடியது. தண்ணீர் விழும் சத்தம்...

ருக்ஸானா தேநீர் போட்டு வைத்தாள். அது ஆறியும் போனது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

"ஆன்ட்டி? ஆன்ட்டி!"

கதவைத் தொட்டாள். திறந்துகொண்டது. சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே யாரும் இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சோப்பு வாசனை மட்டும்...

காலையில் பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் சொன்னபோது, அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சிவகாமசுந்தரி அக்காம்மா அது. உங்க வீடு அவங்களோடதுதான். மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தாங்க, அவன் வித்துட்டு ஆஸ்திரேலியா போயிட்டான். அப்புறம் மேல மாடிப்படியிலதான் படுத்துக்கிட்டாங்க."

"இப்ப எங்க?"

"தீபாவளிக்கு முந்தின ராத்திரி என் கதவைத் தட்டினாங்க. குளிக்கணும்னுதான் கேட்டாங்க. வீட்ல விருந்தாளிங்க... நாளைக்கு வாங்கக்கான்னு சொல்லிட்டேன்." நாகம்மா அழ ஆரம்பித்தார். "காலையில படி கழுவ வந்தவர்தான் பாத்தாரு. உசுரு இல்ல."

பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து ஓத வைக்கலாம் என்றார் ஜாஃபர். ருக்ஸானா சம்மதிக்கவில்லை.

"இன்னொரு தடவை அவங்கள வெளிய அனுப்ப வேணாங்க. குளிச்சிட்டுப் போகட்டும்."

அதன்பிறகு சில இரவுகளில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். ருக்ஸானா எழுந்து போக மாட்டாள். படுத்தபடியே அவருக்காக இறைவனிடம் துஆ கேட்பாள்.

போன வாரம் ஓர் இரவு அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் ஓர் ஆணின் இருமல்... பிறகு வேறு யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்... அப்புறம், மெல்ல, அந்த அம்மாவின் குரல்.

"சீக்கிரம் வாங்கப்பா. இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க."

ருக்ஸானா போய் வாசல் கதவைத் திறந்தாள். நடைபாதையில் ஒருவரும் இல்லை. செருப்புகள்தான்... அவள் வாசலிலிருந்து மின்தூக்கிவரை வரிசையாக. தேய்ந்த ரப்பர் செருப்புகள், பிய்ந்த பூட்ஸ், எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளையின் அளவு.