பையில் நுழைந்த கடல்

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பதினோராயிரம் கடற்கொள்ளையரின் தலையைச் சீவியவன் நான். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். பிரான்சில் எங்கள் லியோன் நகரத்துக் காப்பிக் கடைகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கத்தரிக்கோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

காமிக்ஸ் பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. முதலில் எங்கள் இதழ் செய்தித்தாள் அகலத்தில் வாராவாரம் வந்தது. அறுபத்தொன்றில், கோட்டுப் பையில் நுழைகிற புத்தகம்தான் எல்லோருக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. ரயிலில் படிக்க, பட்டாளத்தில் ஒளித்துவைக்க. பன்னிரண்டு படம் இருந்த பெரிய பக்கத்தை வெட்டி, மூன்று சின்னப் பக்கமாக ஒட்ட வேண்டும். படம் உயரமாக இருந்தால் தொப்பி போகும், சில சமயம் தலையும் போகும். அகலம் போதாவிட்டால் கடலை நானே மையால் நீட்டுவேன். அட்லாண்டிக்கில் பாதி என் கைவண்ணம்.

ஓவியர் கையால் வரைந்த மூலப் பக்கத்தைப் படம்பிடித்து, அந்த நகலைத்தான் வெட்ட வேண்டும். அதுதான் முறை. ஓவியர் ஒனோரே தன் கப்பல் கதையின் இருநூற்றுப் பத்து மூலப் பக்கங்களையும் என்னிடம் கொடுத்த அதே வாரத்தில், படம்பிடிக்கும் கருவி பழுது. வெள்ளிக்கிழமை அச்சு. நான் என்ன செய்ய முடியும்? மூலத்தையே வெட்டினேன். பன்னிரண்டு வருட உழைப்பு. நல்ல தடித்த காகிதம், சுத்தமாக வெட்டுப்பட்டது.

"பத்திரமா இருக்கா, பார்த்தெலெமி?" என்று மாதாமாதம் கேட்பார்.

"அலமாரியில தூங்குது, ஒனோரே."

அவரை வருத்தப்படுத்த மனம் வரவில்லை.

பிறகு பிரஸ்ஸல்ஸில் ஒரு பதிப்பகம் அந்தக் கதையைக் கெட்டி அட்டை போட்டு, பெரிய அளவில் வெளியிட முன்வந்தது. மூலங்கள் வேண்டும் என்றது. அதற்குள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. மறுபடி வரைய வழியில்லை. கேட்டு வந்தார். பழைய இதழ்களை வெட்டித்தான் புத்தகம் போட்டேன், மூலத்தை நீங்கள் கொடுக்கவே இல்லையே என்றேன். கனிவாகத்தான் சொன்னேன். முதலில் கத்தினார். அப்புறம் பரணில் தேடினார், கட்டிலைப் பிரித்துத் தேடினார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தேடினார். மகள் எலொதி என்னிடம் வந்து விசாரித்தாள். அவளுக்கும் அதே பதில். அவரை மனநோய் விடுதியில் சேர்த்தாள்.

ஞாயிறுதோறும் பேரிக்காய் கொண்டுபோவேன். "நான் கொடுக்கலதானே?" என்று கேட்பார். "இல்ல ஒனோரே" என்று தோல் சீவிக் கொடுப்பேன். ஆறு வருடம். அங்கேயே இறந்தார்.

போன வாரம் காப்பிக் கடையில் எலொதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உறுத்தல் ஒன்றும் இல்லை. நல்ல கதையை எத்தனை நாள் மூடிவைப்பது?

"போதும் முசியே பார்த்தெலெமி. போன தடவை ரோன் ஆத்துல திமிங்கிலம் பிடிச்சீங்க, இப்ப இதா? செத்தவர வச்சு விளையாடாதீங்க. அவர் எதையும் கொடுக்கல. பாவம், அவரா கற்பனை பண்ணிக்கிட்டார்."

நிஜத்தைச் சொல்லும்போது நம்பாவிட்டால் நான் என்ன செய்வேன்? கொண்டுபோயிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். வெட்டுப்பட்ட ஓரங்கள் எல்லாம் அதில் இருந்தன: பாய்மர நுனிகள், தொப்பிகள், தலைகள். எதையும் வீணாக்காதவன் நான். அவள் கிளறினாள். அச்சுக்குப் போகாத ஓரத் துண்டு ஒன்றில், ஒனோரே பென்சிலால் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணை வரைந்திருந்தார். கீழே அவர் கையெழுத்து: 'எலொதிக்கு இன்று ஏழு வயது.'

அவள் அதை மேசைமேல் வைத்துச் சுருக்கத்தை விரலால் நீவினாள். காப்பி ஆறிப்போயிருந்தது.

"கொடுத்திருக்கார்," என்றாள். "அப்பா கொடுத்துத்தான் இருக்கார்."