புத்தூர் மேற்கு வேலி

கண்காட்சிச் சுவரிலை தொங்கிற உது அருவமாம் தம்பி, அருவம்! அருவமெண்டால் கண்ணுக்குத் தெரியாததெல்லோ? எனக்கு வடிவாத் தெரியுது. உது என்ரை தோட்டத்து மேற்கு வேலி!

சிரியாதையும். புத்தூரிலை வந்து பாரும், மாடு வராமல் சுத்திவரப் பழஞ்சீலை கட்டாத தோட்டம் ஒண்டிருக்கோ? நான் பீற்றூட் பாத்திக்குக் கட்டினது. வெய்யில் குடிச்சு, மழை குடிச்சு, கம்பி பட்ட இடமெல்லாம் கறள் பிடிச்சுக் கிடந்தது. உந்தக் கீர்த்திகாப் பிள்ளை, கம்பஸிலை சித்திரம் படிச்சவவாம், ஸ்கூட்டியை விட்டிறங்கி நிண்டு சீலையைத் தடவுறா. "ஐயா, இந்த வெளிறலை ஆராலையும் சாயம் போட்டு எடுக்கேலாது" எண்டிறா. விசரெண்டுதான் நினைச்சன். பிறகு, "புது நைலோன் வலை வேண்டித் தாறன், சீலையளைத் தாங்கோ" எண்டவுடனை... சரி, விசரில்லை எண்டு நானே அவிட்டுக் குடுத்தன்.

இப்ப பாரும் கூத்தை! வெட்டிக் கிழிச்சு, மீன்வலையோடை சேத்துத் தைச்சு, தலைகீழாத் தூக்கி விட்டிருக்கிறா. எப்பிடித் தெரியுமோ? மாடு கடிச்ச ஓட்டை மேலை நிக்குது! மாடென்ன ஏணி வைச்சே கடிச்சது? கேட்டால், "இதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை ஐயா" எண்டு சொல்லுறா.

பக்கத்திலை உந்தப் பேர்ப்பலகையைப் பாத்தனீரோ? அதுக்கும் சண்டை பிடிச்சனான். மழையிலையும் வெய்யிலிலையும் போட்டு வெளிற வைச்சது நான், பேர் அவவுக்கோ? "புத்தூர் வே. பொன்னம்பலம் மனமுவந்து தந்த சீலைகள்" எண்டு பெரிசா, சிவப்பிலை, தூரத்திலை நிண்டு வாசிக்கப் போடு பிள்ளை எண்டு ஒற்றைக்காலிலை நிண்டனான். ஊர் முழுக்கப் பெருமையாப் புளுகியும் போட்டன். தங்கமான பிள்ளை, சொன்னமாதிரிப் போட்டிட்டா. அதுதான் கோதாரியாப் போச்சு.

நடுவிலை பாரும்... அரக்குத் துண்டு... அன்னக்கரை போட்டது. ஓம், அதுதான். "இந்த வேலையின்ரை மூச்சே இதுதான்" எண்டிறா. மூச்சாம்! அது என்ரை மனிசி நல்லம்மாவின்ரை கலியாணக் கூறை.

மெல்லக் கதையும்! வேணுமெண்டு கட்டேல்லை தம்பி. மகளின்ரை பிள்ளைப்பேறெண்டு அவ வவுனியாவிலை மூண்டு மாதம். மாடு தோட்டத்துக்கை இறங்கீட்டுது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, கையிலை பட்டதை உருவிக்கொண்டு ஓடினன். முப்பத்தாறு வரியத்துக்கு முந்தி நானே குடுத்த கூறை, எனக்கு அடையாளம் தெரியேல்லை பாரும். "நான் சுமங்கலியாப் போனால் அதை உடுத்தித்தான் எரிக்கோணும்" எண்டு சொல்லி வைச்சிருந்த சீலை. திரும்பி வந்து, பெட்டியைப் பாத்திட்டு அழுதா... அப்பிடி அழுது நான் காணேல்லை. கீர்த்திகாட்டை ஓடினன். அதுக்குள்ளை வெட்டித் தைச்சிட்டா.

அண்டைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லையே! வந்த வாயும் என்ன சொல்லிச்சு? "பக்கத்து வீட்டுத் தனுசியாதான் உள்ளை வந்து போனவ" எண்டிட்டுது. அந்தப் பெட்டை பாவம், மனிசிக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறவள். அண்டையிலையிருந்து ரெண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

இண்டைக்கு வாசிகசாலைப் பெடியள் பஸ் பிடிச்சு ஊரையே ஏத்திக்கொண்டு வாறாங்கள், என்ரை பேரைப் பாக்கவாம்! காலமை வந்து பலகையைக் கழட்டு பிள்ளை எண்டு கெஞ்சினன். "உங்களுக்குரிய மரியாதை ஐயா" எண்டு மாட்டனெண்டிட்டா.

தம்பி, நீர் நெடுத்த ஆள். ஒரு உதவி. நல்லம்மா கடந்து போகுமட்டும் உந்தப் பலகைக்கு முன்னாலை ஒருக்கா... ஐயோ, வந்திட்டா. பின்னாலை ஆர்? தனுசியா! தம்பி? தம்பீ! எங்கை ஓடுறீர்?

வா, வா நல்லம்மா... உது அருவம், உனக்கு விளங்காது, அங்காலை போவம். என்ன, கரையைத் தடவுறாய்? கண்ணாடியை... கண்ணாடியை ஏன் எடுக்கிறாய்?

பொறு. வாசிக்காதை நல்லம்மா, நானே சொல்லுறன். தனுசியா, நீயும் இஞ்சாலை வா பிள்ளை.