ஒன்பதாவது துப்பாக்கி

மூன்று மணி நேரமாக முதுகு நோக, ஆனால் முகம் கோணாமல் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததையெல்லாம் எனக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்ட பெரியோர்களே, தூங்கும் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, இந்த நூறாவது நாள் விழாவின் நாயகனே, என்னிடம் பத்து ஆண்டுகள் இணை இயக்குநராக இருந்து இன்று என்னைக் கீழே உட்கார வைத்துவிட்டு மேலே போன சுருட்டையே, எல்லோருக்கும் என் வணக்கம்.

சுருட்டை என்றதும் சிரிக்கிறீர்கள். தலையில் இப்போது சுருட்டையும் இல்லை, முடியும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அது நான் வைத்த பெயர். இன்று அவனிடம் என்னுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்திருக்கிறார்கள். வாழ்த்து வாயில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? பொறாமை. கலப்படம் இல்லாத பச்சைப் பொறாமை. தலைவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும் ஐயா, பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

போர்ப்படம் என்றால் இந்த நாட்டில் யார் பெயரைச் சொன்னார்கள்? என் பெயரைச் சொன்னார்கள். ஏழு படம் எடுத்தேன். என் நாயகன் துப்பாக்கியில் குண்டு தீர்ந்ததாக ஒரு காட்சி உண்டா? அவன் சுட்டால் சிலிர்த்தீர்கள், அவன் சிரித்தால் சீழ்க்கை அடித்தீர்கள், அவன் செத்தால் கூட அடுத்த படத்தில் பிழைத்து வருவான் என்று காத்திருந்தீர்கள். இவன் ஒரே ஒரு படம் எடுத்தான். அதில் நாயகன் ஒரு முறை கூடச் சுடவில்லை. பள்ளிக்கூடச் சுவரோரம் நிராயுதபாணிகளை நிறுத்தி, பன்னிரண்டு பேரிடம் சுடு என்கிறார்கள். பதினோரு பேர் சுடுகிறார்கள். ஒருவன் சுடவில்லை. அவ்வளவுதான் ஐயா கதை.

அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, கடைசி வரிசையில், திருடன் போலப் பார்த்தேன். என் படம் முடிந்தால் விளக்கு எரிவதற்குள் வாசலில் கூட்டம் முட்டும். இவன் படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஒருவரும் எழவில்லை. முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "நானும் ஒரு தடவை சுட்டேன் தம்பி. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல." முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னார். என் ஏழு படம் எந்த வாயையாவது அப்படித் திறந்ததா? கைதட்டத் திறந்தது, வாழ்க என்று கத்தத் திறந்தது, இப்படித் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன், சோறு இறங்கவில்லை. நெஞ்சு கரிக்கிறது, மருத்துவரைப் பார்க்கலாமா என்றேன். என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வயித்தெரிச்சலுக்கு எந்த டாக்டர்கிட்டங்க மருந்து இருக்கு? பேசாம படுங்க." தாய்மார்கள் இதற்குத்தான் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், நியாயம்தான்.

ஆனால் அவையோரே, என் வயிறு எரிந்தது வெற்றியைப் பார்த்து அல்ல. விருதைப் பார்த்தும் அல்ல. அந்தச் சுடாத மனிதனை எனக்குத் தெரியும். அவர் என் உடன்பிறந்த அண்ணன்.

அமைதியாகிவிட்டீர்கள். நல்லது, இனி நான் கத்த வேண்டியதில்லை.

போர் நடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அண்ணன் படையில் இருந்தார். உத்தரவை மீறினார் என்று ஒரே ஒரு வரியில் காகிதம் வந்தது. இரண்டு ஆண்டு படைச் சிறையில் இருந்துவிட்டு, சீருடை இல்லாமல், யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். பயந்தாங்கொள்ளி என்றது தெரு. அப்பா பேச்சை நிறுத்தினார். நான் என்ன செய்தேன்? அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பள்ளியில் சொன்னேன். பின்புற அறையில் தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதரை வெளிநாட்டுக்கு அனுப்பினேன் ஐயா. அந்த வெட்கத்தை மூடத்தான் வீரம் வீரம் என்று வெள்ளித்திரையில் வெடித்தேன். ஊரும் கூட வந்து கை தட்டியது. ஏன் தட்டியது? எனக்கு ஓர் அண்ணன் இருந்தது போல, இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருந்தது. போர் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள், எந்த வீட்டில் முடிந்தது? என் படத்தின் சத்தத்தில் அந்தக் கேள்வி கேட்காமல் போனது, அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

என் ஐந்தாவது படத்துக்கு வருகிறேன். அதிலும் ஒரு சுவர், அதிலும் பன்னிரண்டு துப்பாக்கி. சுவரோரம் நிற்பவர்கள் துரோகிகள் என்று நான் வசனம் எழுதியிருந்தேன். துணை நடிகர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்காமல் அண்ணனை அழைத்துப் போனேன். படக்குழுவிடம் பயிற்சியாளர் என்றேன், அண்ணன் என்று சொல்லவில்லை. அன்று வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. "நீங்களே நில்லுங்க" என்று இரும்புத் தொப்பியை அவர் தலையில் மாட்டிவிட்டேன். ஒன்பதாவது இடம். வெற்றுத் தோட்டா, வெறும் சத்தம், ஒரே எடுப்பில் முடித்தோம்.

படத்தொகுப்பு அறையில் ஓட்டிப் பார்த்தால் பதினோரு துப்பாக்கியில் தீ வருகிறது, ஒன்பதாவதில் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு வைத்தியம் உண்டு. கணினியில் தீ வரைகிற பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். "ஒன்பதுக்குத் தீ வைம்மா" என்றேன். அவள் திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இவரு விரல் விசை மேலயே இல்ல சார். வேணும்னே சுடலையோ?"

நான் சொன்ன பதிலை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. "அந்தாளு ராசி அப்படி. அவன் கையில நிஜத் துப்பாக்கியும் வெடிக்காது, பொய்த் துப்பாக்கியும் வெடிக்காது. நீ தீயை வை" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன்தான் இந்தச் சுருட்டை.

போனவன் நேரே அண்ணனின் மோட்டார் பட்டறைக்குப் போயிருக்கிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு ஆறு வருடம் கழித்து, அவன் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"ஏண்ணா, கூடப் பொறந்தவன் நான் இருக்கேன். எவனோ ஒருத்தன்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்களே?"

மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவன் கேட்டான்பா. ஏன் சுடலன்னு கேட்டான். இத்தனை வருஷத்துல கேட்ட மொத ஆளு அவன்தான்."

"அன்னிக்கு நெஜத்துல சுடல, சரி. என் படத்துல வெறும் சத்தம்தானேண்ணா, அதைக்கூடவா சுடக் கூடாது?"

"எதிர்ல நின்னவங்க மூஞ்சி வெறும் மூஞ்சி இல்லையே. அதுல ஒரு அம்மா இடுப்புல கைப்புள்ள வேற."

அவையோரே, இப்போது சொல்லுங்கள், என் பொறாமை எத்தனை பேர் மீது என்று. கேட்ட சுருட்டை மீது பொறாமை. கேட்கப்பட்ட என் அண்ணன் மீதும் பொறாமை, அந்த வீரம் என் நாயகர்கள் ஏழு பேருக்கும் வாய்க்கவில்லை. நானும் சுருட்டையும் பார்த்தது ஒரே துப்பாக்கியை. நான் தீ குறைகிறது என்று பார்த்தேன். அவன் ஒரு மனிதன் நிற்கிறான் என்று பார்த்தான். நாட்டின் புண்ணை மூடுகிற படம் என்னுடையது, திறந்து காற்றுப் பட வைக்கிற படம் அவனுடையது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஆறு வருடம் ஆனது.

மணி அடிக்கிறீர்கள் தலைவரே, இன்னும் இரண்டே நிமிடம். அந்த ஐந்தாவது படம் அடுத்த மாதம் புது ஒலியோடு மறுபடி திரைக்கு வருகிறது. அதன் தயாரிப்பாளர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். ஒரு காட்சியையும் தொடக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அண்ணன் அன்று உத்தரவை மீறினார். நான் அறுபதை நெருங்கும் வயதில் முதல் முறையாக ஓர் உத்தரவை மீறியிருக்கிறேன். நேற்று மதியம் தீ வரைந்த அதே பெண்ணைக் கூப்பிட்டு, நான் வைக்கச் சொன்ன தீயை அழித்துவிட்டேன். பதினோரு துப்பாக்கி வெடிக்கும், ஒன்பதாவது வெடிக்காது. தயாரிப்பாளர் ஐயா, தலையை ஆட்டாதீர்கள். வழக்குப் போட்டால் போடுங்கள், நீதிமன்றத்திலும் இதே பேச்சைத்தான் பேசுவேன், இதைவிட நீளமாகப் பேசுவேன்.

நான்காவது வரிசை ஓரத்தில் ஒருவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். அண்ணா, உட்காருங்கள். என்ன சொல்கிறீர்கள்? ஒலிவாங்கி இல்லை, சத்தமாகச் சொல்லுங்கள். "போதும்பா, எறங்கி வா" என்கிறார். வருகிறேன் அண்ணா, ஒரு வரி பாக்கி இருக்கிறது.

சுருட்டையே, உன் கேள்விக்கு நன்றி. வயிறெரிந்தவன் பேச்சை வாய் திறக்காமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. என் படக்குழுவில் அன்றிருந்த பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் ஓர் ஆளைத் தவறாக அறிமுகம் செய்துவைத்தேன். அதோ, அவர் பயிற்சியாளர் அல்ல. என் அண்ணன். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, நான் அங்கே போகிறேன்.

அண்ணா, வணக்கம்.