திருமதி ஹௌகனின் வரிப் படிவம்

வரிப் படிவத்தை முதலில் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு மேலே பேனா ஓட்டலாம். எடுத்த எடுப்பில் பேனாவோடு உட்காருகிறவர்கள் ஏப்ரல் கெடு நெருங்கியதும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடி வருவார்கள்.

காபி ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் மிஸ் ஓக்டன். பூட்ஸ் ஈரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மாதத்தில் மினசோட்டாவில் யார் வீட்டுத் தரைதான் காய்ந்திருக்கிறது? நீங்கள் வரி அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் வரிசையில் சொல்ல விட்டால் போதும்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆனால் ஒரு சாதாரண மனிதன் இந்த நாட்டில் வரி கட்டுவது என்பது என்ன பாடு? அவன் சம்பளம் எவ்வளவு என்று முதலாளி உங்களுக்குச் சொல்லிவிடுகிறான். வட்டி எவ்வளவு என்று வங்கி சொல்லிவிடுகிறது. எல்லாம் தெரிந்துகொண்டு, நீயே கணக்குப் போடு, தப்பாகப் போட்டால் அபராதம் என்கிறீர்கள். இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்தைக் கழி, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று எழுது, இல்லையென்றால் பின்பக்கத்துத் தாளுக்குப் போ. பின்பக்கத்துக்குப் போனால் இன்னொரு தாள் வேண்டும் என்கிறது. நான் ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். எனக்கே தலை சுற்றும். சமையல்காரிக்கும் மரம் வெட்டுகிறவனுக்கும் எப்படி இருக்கும்?

அதனால்தான் குளிர்காலச் சனிக்கிழமைகளில் நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். சம்பளம் இல்லை. செருப்புப் பெட்டியில் ரசீதுகளைக் கொட்டி எடுத்து வருவார்கள். நாய்க்கு ஊசி போட்ட செலவை வரியில் கழிக்க முடியுமா என்று கேட்பார்கள். மைத்துனன் சோபாவிலேயே கிடக்கிறான், அவனைக் குழந்தைக் கணக்கில் காட்டலாமா என்று ஒருவர் கேட்டார். சிரிக்காமல் பதில் சொல்வேன்.

ரோவீனா அங்கேதான் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முதல் கணவன் விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மகள் டெஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் அலுவலகத்துக் கடிதம் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். அது கடிக்கும் பிராணி போல.

"என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்களா?" என்று கேட்டாள்.

"இதுக்கெல்லாம் உள்ள போட்டா ஜெயில்ல இடம் பத்தாதுங்க," என்றேன்.

அப்போது அவள் சிரித்தாள். மாவு படிந்த மணிக்கட்டால் முன்முடியை ஒதுக்கிக்கொண்டு, வாயை மூடாமல் சிரித்தாள். அந்த விவகாரம் தீர ஐந்து சனிக்கிழமைகள் ஆயின. ஒவ்வொரு வாரமும் புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக் கொண்டுவந்தாள். ஜூன் மாதம் லூத்தரன் தேவாலயத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

ஹௌகன் என்ற என் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள அவள் மிகவும் ஆசைப்பட்டாள். அதுவரை அவள் ரோவீனா கிரேபில்; கிரேபில் என்பது அந்த ஓடிப்போனவனின் பெயர். பள்ளிக்கூடத்தில் மாற்றினாள், வங்கியில் மாற்றினாள், தேவாலயத்துப் பட்டியலில் மாற்றினாள். ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் மாற்றுவதுதான் பாக்கி.

"அதுக்கு எங்க போகணும் வெண்டெல்?"

"நீ எதுக்கு அலையற? நான் பாத்துக்கறேன்."

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அதை நான் தபாலில் சேர்க்கவில்லை.

இது ஒன்றுதான் நடந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன். முதலில் மறதிதான். கோட்டுப் பையில் இருந்தது, கோட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

அடுத்த வசந்தத்தில் அவளுடைய படிவம் திரும்பி வந்தது. சமூகப் பாதுகாப்பு அலுவலகம் உங்களுக்குத் தந்த பெயர் கிரேபில், படிவத்தில் ஹௌகன். இரண்டும் பொருந்தவில்லை, ரீஃபண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் அந்தக் கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த உறையை என் கையில் கொடுத்துவிட்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் தோளில் தலையைச் சாய்த்தாள். நான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு போடுவீர்களே, பியானோவும் ஏதோ குழலும், அது ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்," என்றாள்.

அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு ஒவ்வொரு வருடமும் கடிதம் வந்தது. விளக்கம் கேட்பார்கள், அனுப்புவேன். மூன்று சான்று கேட்டால் இரண்டை அனுப்புவேன். மூன்றாவதைக் கேட்டு இன்னொரு கடிதம் வரும். நாம் இருவரும் சேர்ந்து ஒரே படிவமாகத் தாக்கல் செய்தால் என்ன என்று ஒருமுறை கேட்டாள். உன் சிக்கல் என் படிவத்தையும் பிடித்துக்கொண்டால் உனக்காகப் பேச யார் இருப்பார்கள் என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது.

போனில் பாதியில் இணைப்பு அறுந்துபோகும். உங்களுக்கே தெரியும். வேறு யாராக இருந்தாலும் ரிசீவரை அறைந்து வைத்திருப்பார்கள். நான் வைக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி வைப்பது? "ஆமாங்க மேடம். புரியுதுங்க மேடம். அவங்க ரொம்பப் பயந்துபோயிருக்காங்க மேடம்," என்று பேசிக்கொண்டே இருந்தேன். பிந்தைய வருடங்களில் எண்ணை அழுத்தாமலே, வெறும் ரிசீவரில் அப்படிப் பேசினேன். உங்கள் ஊழியர்களுக்கும் ஒரு வேலை மிச்சம்.

அவள் தபால் வண்டிச் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்விடுவாள். தபால் பெட்டிச் சாவியை அவளேதான் என்னிடம் கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

கேக் கடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் டெஸ் உங்களிடம் சொல்லியிருப்பாள். பிரதான வீதியில் முடிதிருத்தும் கடை காலியானது. அதை எடுத்து ருபார்ப் கேக்கும் எலுமிச்சை இனிப்புத் துண்டுகளும் விற்க வேண்டும் என்று ரோவீனாவுக்கு ஆசை. சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை முடிவு செய்திருந்தாள், வெண்ணெய் மஞ்சள். வங்கி கடன் கொடுக்கத் தயார், ஆனால் வரித் தாக்கல் சான்று கேட்டது. அவளிடம் சான்று எங்கே இருக்கிறது? கடை கைவிட்டுப் போனது. இப்போது அங்கே மீன்பிடித் தூண்டில் விற்கிறார்கள். அன்று அவள் அழுதாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அப்புறம் டெஸ்ஸின் கல்யாணம். ஓரிகன் மாநிலத்தில், கடற்கரையில். டெஸ் போன் செய்தபோது நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு. நீ கேக்கைத் தூக்கிட்டு வா, அது போதும்."

ரோவீனா என்னைப் பார்த்தாள். விசாரணையில் பெயர் இருக்கிறவர்கள் மாநில எல்லையைத் தாண்டுவது நல்லதில்லை என்று போன வாரம்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அடுத்த வருஷம் வரேன்டா கண்ணு," என்றாள்.

"அடுத்த வருஷமா? நான் என்ன வருஷா வருஷமா கல்யாணம் பண்ணிக்கறேன்? வெண்டெல், அங்கதானே இருக்கீங்க? என்னதான் பிரச்சினை?"

"வரி விஷயம்மா. உனக்குப் புரியாது," என்றேன்.

"அம்மா என்ன பேங்க்கைக் கொள்ளையா அடிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நீங்கள் இப்படிப் பார்க்கிறீர்கள். அவளை நான் பூட்டி வைக்கவில்லை மிஸ் ஓக்டன். கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. கல்யாண நாளன்று அவளுக்குப் பிடித்த காட்டரிசி சூப் நானே வைத்துக் கொடுத்தேன். டெஸ் அனுப்பிய படங்களை இருவரும் சேர்ந்து பார்த்தோம். கேக்கைக் கடையில் வாங்கியிருந்தார்கள். ரோவீனா அந்த ஒரு படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

போன அக்டோபரில் அவள் கண் பரிசோதனைக்கு டுலூத் நகரத்துக்குப் போனாள். தேவாலயத் தோழி ஒருத்தி கூட்டிப்போனாள். எனக்கு அன்று சளி. கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்களாம். எதிரே சமூகப் பாதுகாப்பு அலுவலகம். ஓய்வூதியம் எவ்வளவு வரும் என்று கேட்டு வைக்கலாமே என்று, அரைகுறைக் கண்ணோடு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டியிருக்கிறாள். இத்தனை வருடம் என்னைக் கேட்காமல் ஓர் உறையைக்கூடப் பிரிக்காதவள்.

அங்கே கவுண்டரில் இருந்தவர், "ஹௌகன்னு யாருமில்லையே. கிரேபில்னுதான் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க மாத்தவே இல்லையே," என்று சொன்னாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலை செய்த சம்பளம் எதுவும் அவள் கணக்கில் ஏறவில்லை. கல்யாணச் சான்றிதழின் நகல் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும், ஆசைக்காக வைத்திருந்தாள். கண் மருந்தின் மங்கல் தெளிவதற்குள் பெயர் மாற்றும் வேலை முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல், உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி அடுப்புக்குள் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த விண்ணப்பத்தை நீ அனுப்பவே இல்ல."

"கோட்டுப் பையில மறந்துட்டேன் ரோ."

"நூலகத்துல யார் யார் பேரையோ மாத்திக் குடுத்திருக்க. ஏரி ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற கார்லோட பொண்டாட்டிக்குக்கூட நீதான் மாத்திக் குடுத்த."

நான் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினேன்.

"டெஸ் கல்யாணத்துக்கு நான் போயிருக்கலாம். இல்ல?"

"சட்டப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டப்படி இல்ல வெண்டெல். உன்னைத்தான் கேக்கறேன்."

அடுப்பின் மணி அடித்தது. எழுந்து போய், எனக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் டெஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் டெஸ் என்னிடம் பேசவில்லை. ரோவீனா மட்டும், "மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு," என்றாள். வெறுக்கிறவர்கள் அப்படிச் சொல்வார்களா? நீங்களே யோசியுங்கள்.

இப்போது நீங்கள் வந்த விஷயம். ஆமாம், அந்தப் புகாரை எழுதியது நான்தான். ரோவீனா ஹௌகன் பல வருடங்களாகக் கேக் விற்றுக் கைக்காசு வாங்குகிறாள், கணக்கில் காட்டுவதில்லை என்று எழுதினேன். ஓரிகன் முகவரியும் கொடுத்தேன். அவள் விற்றதில்லை. தேவாலயச் சந்தைக்கு இலவசமாகச் சுட்டுக் கொடுப்பாள், சர்க்கரைக் காசுகூட வாங்கமாட்டாள். என் பெயரை எழுதவில்லை, எழுதியே ஆகவேண்டும் என்று நீங்கள் கேட்பதும் இல்லை. கையெழுத்தை என் பழைய விளக்கக் கடிதங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள். உள்ளே வந்ததும் நீங்கள் சொன்னீர்களே, "இவ்வளவு ஒழுங்கா ஒரு மொட்டைக் கடிதத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்லை மிஸ்டர் ஹௌகன், கட்டம் கட்டமா, இணைப்பெல்லாம் வரிசையா" என்று. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அலங்கோலமாக எழுத எனக்கு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்பதற்கு முன்பே. அவள் முதன்முதலில் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அந்தக் கடிதம். படிவத்தில் கையெழுத்துப் போட மறந்திருந்தாள். அவ்வளவுதான். என் பேனாவைக் கொடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "கொஞ்சம் சிக்கல்தான், அடுத்த சனிக்கிழமை வாங்க," என்றேன். ஐந்து சனிக்கிழமைகளும் அவள் பயந்துகொண்டே வந்தாள். நான் ஐந்து வாரமும் கேக் சாப்பிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை மறைத்தது நான். சான்றுகளைக் குறைத்து அனுப்பியது நான். பொய்ப் புகார் கொடுத்தது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், பேனாவாலேயே போடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அவளுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போய்விட்டதா? போய்விட்டதென்றால் நல்லது. டெஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. ஜன்னல் உறையைப் பார்த்ததும் ரோவீனா சமையலறைக்குள் போய்விடுவாள், பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பாவம், ரொம்பப் பயந்த சுபாவம்.

இல்லை, அந்தப் போனை எடுக்காதீர்கள் மிஸ் ஓக்டன். பேச வேண்டுமானால் வெளியே காரில் போய்ப் பேசுங்கள். ரோவீனா என்னைக் கூப்பிடுகிற நேரம், லைன் காலியாக இருக்கட்டும்.